மூன்றாம் கியரில் உடைந்தவை

அந்தக் கார் எங்கள் சந்துக்கு வந்த வருடம்தான், கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, என் மனைவி சுகந்தி உண்டானாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற அடிபம்பு கதைக்கும் கட்டில்கால் கதைக்கும் நீங்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் நாச்சிமுத்து. கோயமுத்தூரில், ஆவாரம்பாளையத்துக்குப் பின்னால், லேத் பட்டறைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சந்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். எனக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் ஒரே சுவர். அந்தப் பட்டறை சென்னியப்பனுடையது, அவன் மனைவி கோகிலவாணியுடையது. இரண்டு பேருமே ரேஸ் கார்களைப் பிரித்துப் பலப்படுத்திக் கொடுக்கிறவர்கள், அவன் எஞ்சின், அவள் கியர்பாக்ஸ். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கை வைத்த ஒரு கியர்பாக்ஸ்கூட உடைந்து திரும்பி வந்ததில்லை என்று புனே வரைக்கும் பேச்சு. அவனுக்கும் அவளுக்கும் ஒரே சண்டைதான், அதையே தினமும் போடுவார்கள். ஏதாவது உடைந்தால், "எஞ்சின் குடுக்கறத வாங்கிக்கத் தெரியலீன்னா அது என்னடி கியர்பாக்ஸு?" என்பான் அவன். "குடுக்கறவிய அளவு தெரிஞ்சு குடுக்கோணும்" என்பாள் அவள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

கார் ஹர்ஷவர்தனுடையது. பம்பு கம்பெனி வீட்டுப் பையன், தங்கமான குணம், ஆனால் மூன்று வருடமாக நம் ஊர் ரேஸில் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தான், அது அவனைத் தின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கிற, டர்போ வைத்த வெளிநாட்டு வண்டி. டர்போ என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. எஞ்சின் விடுகிற புகையைக் கொண்டே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவைத்து, அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திணிக்கிறது, எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவு இழுவை. அந்தத் திணிப்புக்குப் பெயர் பூஸ்ட். "ரெண்டு மடங்கு வேணுங்கண்ணா" என்றான் ஹர்ஷா. "குடுத்தர்லாம்" என்றான் சென்னியப்பன். அவள் அப்போதே உருக்குக் கம்பிக்கு ஆர்டர் சொல்லப் போய்விட்டாள்.

தை மாதம் தொடங்கினார்கள். பூஸ்ட்டை ஏற்றினான், கிளட்ச் கருகியது; அவள் வேறு கிளட்ச் போட்டாள், இரண்டாம் கியர் சிதறியது; இரண்டாம் கியரை நல்ல உருக்கில் வெட்டி, சூளையில் பழுக்கவைத்து, எண்ணெயில் முக்கி எடுத்து மாட்டினாள், பிஸ்டனில் ஓட்டை விழுந்தது; அவன் கெட்டியான பிஸ்டன் போட்டான், பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு எஞ்சினின் விலாவைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து எங்கள் பொதுச்சுவரில் குத்தி நின்றது; அவன் புது ராடு போட்டான், பின்சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட் கரும்புச் சக்கையாக முறுக்கிக்கொண்டது; அவள் ஷாஃப்டை மாற்றினாள், மூன்றாம் கியர் போனது; மூன்றாம் கியரை மாற்றினாள், மறுபடி மூன்றாம் கியர் போனது, மறுபடி மாற்றினாள், மறுபடி போனது; ஒன்றைப் பலப்படுத்தினால் அதற்கு அடுத்து எது நோஞ்சானோ அது முன்னால் வந்து நின்று உடைந்தது. இப்படியே மாசி போய், பங்குனி போய், சித்திரையில் சுகந்திக்கு நாள் தள்ளிப்போய், வைகாசி போய், ஆனி போய், ஆடி மாதம் வந்தபோது அந்தக் காரில் உடைவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு, காரை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஏற்றி ஓட்டிப் பார்க்கிற மேடையில் நிறுத்தி, சென்னியப்பன் மூன்றாம் கியரில் முழு மிதி மிதித்தான். கார் கத்தியது. கியர்பாக்ஸ் அசையவில்லை. சந்து முனையில் இருக்கிற அடிபம்பின் கைப்பிடி, தொட ஆளில்லாமல், தானாக முறிந்து விழுந்தது.

கோகிலவாணி போய் அதை எடுத்தாள். முறிந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இது கைப்பிடி ஒடயற மாதிரி ஒடயலீங்கண்ணா" என்றாள். "முறுக்குல போயிருக்குது. என்ற மூணாங் கியரு இப்பிடித்தான் போகும்."

"அப்புறம் எப்பிடி அம்மிணி பம்புல?"

"கார்ல இனி ஒடயறதுக்கு ஒண்ணுமில்லீங்களே. அதான் வெளிய வந்திருச்சு." உதட்டைப் பிதுக்கினாள். "பாரம் எங்கியாச்சும் எறங்கித்தான ஆகோணும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் எங்கள் சந்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. தண்ணீருக்கு என்ன வழி என்றுதான் கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று பட்டதால் அவள் அன்றைக்கே கியர் செய்கிற அதே உருக்கில் ஒரு கைப்பிடி செய்து, சூளையில் வைத்து எடுத்து, மாட்டிக்கொடுத்தாள். இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம், பம்பு துருப்பிடித்து நிற்கிறது, கைப்பிடி மட்டும் கண்ணாடியாக மின்னும்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டினார்கள், எதிர்வீட்டு ரங்கநாயகி டீச்சரின் கட்டில்கால் முறிந்தது. டீச்சர் ஓய்வுபெற்றும் வாய் ஓயாதவர். பட்டறை வாசலில் நின்று, "அந்தக் கட்டில் எங்கப்பா சீதனமாக் குடுத்தது, எனக்கு இப்பவே பதில் சொல்லோணும்" என்று பிடித்துக்கொண்டார். உருக்கில் நாலு கால் செய்துகொடுத்தாள் கோகிலவாணி, உடையாத மூன்றுக்கும் சேர்த்து. மறுநாள் டீச்சர் தெருவெல்லாம் போய்ச் சொன்னார், கட்டில் மேல் ஏறி நின்று குதித்துக்கூடக் காட்டினார். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சந்தில் வீட்டுக்கு வீடு ஓட்டை உடைசல் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. காலாடுகிற நாற்காலி, கைப்பிடி ஆடுகிற கடாய், கீல் தொங்குகிற பீரோ, பெடல் தேய்ந்த சைக்கிள், எல்லாம் வரிசையாக நின்று நாலே முக்காலுக்குக் காத்திருந்தன, அவற்றுக்குப் பின்னால் அவற்றின் சொந்தக்காரர்கள் கைகட்டிக்கொண்டு நின்றார்கள், இன்றைக்கு யாருக்கு யோகம் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். கார் கத்தும், ஏதோ ஒன்று டக்கென்று போகும், போனவர் வீட்டில் கைதட்டுவார்கள், மற்றவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாமான்களை உள்ளே இழுப்பார்கள். சிலர் அப்பளத்தை வாசலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், சிலர் கண்ணாடி வளையலை வைத்தார்கள். அதையெல்லாம் அது சீந்தவே இல்லை. "பாரம் தாங்கற சாமானத்தான் அது கேக்கும்" என்று கோகிலவாணி சொன்னாள். "அப்பளம் எந்தப் பாரத்தத் தாங்குது?"

டெய்லர் ஈஸ்வரமூர்த்தி இருக்கிறானே, அவன் கெட்டிக்காரன். தையல் மெஷினின் பெடல் கம்பியை அரத்தால் ராவி ராவி நூலாக்கி வைத்துவிட்டான். அந்த வெள்ளிக்கிழமை சந்தில் வேறெதுவும் உடையவில்லை, அது மட்டும் உடைந்தது. தன் பழைய சைக்கிள் உடைந்துவிடுமோ என்று பயந்த இன்னொருத்தர், அதை பஸ்ஸில் ஏற்றித் திருப்பூரில் மச்சான் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த முறை மூன்றாம் கியர் போட்ட அதே நிமிடத்தில் அது திருப்பூரில் உடைந்தது. எங்கள் சந்துக்காரன் பொருள் எங்கே இருந்தாலும் எங்கள் சந்துக்காரன் பொருள்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஹர்ஷா மட்டும் இதற்கெல்லாம் சங்கடப்பட்டான். வாரம் தவறாமல் இனிப்புப் பெட்டியோடு வந்து ஒவ்வொரு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டான்.

ஐப்பசி முடிவதற்குள் கோயமுத்தூரிலேயே பலமான சந்து எங்களுடையதுதான். கதவுத் தாழ்ப்பாள் உருக்கு, கிணற்று ராட்டினம் உருக்கு, கரண்டிக் காம்பு உருக்கு, பிள்ளையார் கோயில் மணிச் சங்கிலி உருக்கு. கல்யாணத் தரகர்கள் எங்கள் சந்துப் பெண்களுக்கு, "அந்த வீட்டுச் சாமானம் எதுவும் ஒடயாதுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்துச் சந்துக்காரர்கள் வந்து, எங்கள் பக்கமும் கொஞ்சம் பூஸ்ட் விடக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், சுகந்திக்கு அப்போது ஏழு மாதம், வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளும் வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ரங்கநாயகி டீச்சரின் மணிக்கட்டு முறிந்தது.

டீச்சர் கீழே விழவில்லை, எதையும் தூக்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே படத்தை கோகிலவாணியிடம் கொண்டுவந்து காட்டினார்கள், டாக்டரிடம் காட்டுவதற்கு முன்பே. அவள் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முறுக்குதானுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். சந்தில் இரும்பு, மரம், கயிறு எல்லாம் தேறிவிட்டன. இனி எலும்புதான் நோஞ்சான்.

அன்றிலிருந்து எங்கள் ஜனம் கேழ்வரகு தின்ன ஆரம்பித்தது. காலையில் ராகிக் கூழ், மத்தியானம் களி, ராத்திரி ராகி ரொட்டி, நடுவில் முட்டை, பால், முருங்கைக்கீரை. என் மில்லில் ராகி அரைத்து மாளவில்லை. வெயிலில் நின்றால் எலும்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, காலையில் ஏழரை மணிக்கு மொத்தச் சந்தும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக நின்றது. யாருக்கும் காரை நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. மார்கழிக் கடைசியில் ரேஸ், அது எங்கள் சந்துக் கார், அது ஜெயிக்க வேண்டும், அதற்கு நாங்கள் தேற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. டீச்சரே கட்டுப்போட்ட கையோடு, "ஜெயிக்கட்டும், எனக்கு இன்னொரு கை இருக்குது" என்றார்.

கார்த்திகையில், எட்டாம் மாதத்திலேயே, சுகந்திக்கு வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. ஆயிரத்து நானூற்று எண்பது கிராம். நான் தினமும் தராசோடு இருக்கிறவன், ஒன்றரைக் கிலோ மாவு எவ்வளவு இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை முதல்முதலாகக் கையில் வாங்கியபோது அந்தத் தெரிதலே என்னைக் கொன்றது. விரல்கள் தீக்குச்சி மாதிரி. மூச்சு விடும்போது விலா ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து அடங்கியது. "பயப்படாதீங்க, எடை ஏறிருச்சுன்னா தேறிக்கும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்களுக்கு எங்கள் சந்தைப் பற்றி என்ன தெரியும்.

சந்துக்குத் தெரிந்தது. நான் மில்லைத் திறந்தால் முகத்தைப் பார்க்காமல் ராகியை வைத்துவிட்டு, பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தனை பேரும் கல்லாக இருந்தார்கள், களி தின்று கல்லானவர்கள். நோஞ்சானாக எங்கள் சந்தில் மிச்சமிருந்த ஒரே உயிர் என் மகள். நல்லவேளையாக அந்த மாதம் காரை முழு மிதி மிதிக்கவில்லை, ரேஸுக்காக எஞ்சினை ஓய்வாக வைத்திருந்தார்கள். ரேஸ் பன்னிரண்டு சுற்று. சுற்றுக்கு நாலு முறை மூன்றாம் கியர். நாற்பத்தெட்டு முறை.

நான் ஹர்ஷாவிடம் போனேன். கார் அப்போது அவன் வீட்டு ஷெட்டில் இருந்தது, பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கிற லேப்டாப்பும் அவனிடம்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, பாப்பாவ வேற ஊருக்கு, நல்ல ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோய்ச் சேத்தறேன்" என்றான்.

"திருப்பூர்ல சைக்கிள் ஒடஞ்சுது, தம்பி."

லேப்டாப்பை எடுத்து மூடினான். பிறகு, "மூணு வருசமாச்சுங்கண்ணா" என்றான், கண்ணைப் பார்க்காமல். "பூஸ்ட்டக் கொறச்சா மறுபடி ரெண்டாவதுதான்." கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிடம் அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

அதற்கு மறுநாள் மத்தியானம் கோகிலவாணி என் மில்லுக்கு வந்தாள். கையில் ராகி இல்லை.

"கடைசியாப் பாக்கறதுக்கு கியர்பாக்ஸ் மட்டும் எங்கிட்ட வந்திருக்குதுங்கண்ணா" என்றாள். "எஞ்சின நம்மனால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா கியர்பாக்ஸுக்குப் பின்னால, ஷாஃப்ட்டோட சேத்துப் பிடிக்கற எடத்துல, ஒரு கீ இருக்குது." கீ என்றால் விரல்கணு அளவு இரும்புத் துண்டு, இரண்டு பாகத்தையும் ஒன்றாகச் சுற்றவைப்பது அதுதான். "நம்ம டெய்லர் பண்ணின வேலைதானுங்க. அந்தக் கீ பாப்பாவ விட நோஞ்சானா இருந்தா, மொத மிதியிலயே அது போயிரும். அது போச்சுன்னா காரு நின்னு போகும். அப்புறம் யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஒடஞ்சா உன் பேரு போயிருமே அம்மிணி."

"போகும்" என்றாள்.

"சென்னியப்பனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாருங்களா? அவரு எஞ்சின் ஓடோணும்னு தவமா இருக்கறாரு." பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். "எனக்குச் செய்ய வரமாட்டேங்குதுங்கண்ணா. நாலு கீ பண்ணிட்டேன், வேணும்னே சாதா இரும்புல. ஆனா கை கேக்க மாட்டேங்குது, தன்னால மூலைய மழிக்குது, அளவச் சரி பண்ணுது. நாலும் ஒடயாம நிக்குது. நீங்கதான் செய்யோணும்."

"நான் மாவு அரைக்கறவன், அம்மிணி. லேத் பக்கம் போனதில்ல."

"அதுக்குத்தானுங்க உங்களக் கேக்கறேன்."

பட்டறையில் அந்த நேரம் யாருமில்லை, சென்னியப்பன் ஹர்ஷா வீட்டில் இருந்தான். அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பாப்பா இன்னைக்கு எவ்வளவுங்க?"

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பது."

"நாளுக்கு எவ்வளவு ஏறுது?"

"இருவது கிராம். நேத்து மட்டும் பதினஞ்சு."

"ரேஸன்னிக்கு ஆயிரத்து எழுநூத்தி இருவதுன்னு வெச்சுக்கலாம்." எனக்குப் புரியாத ஏதேதோ வகுத்தாள், பெருக்கினாள், அழித்தாள். "ஆறு மில்லி அகலமா இருந்தா ரெண்டும் சரிக்குச் சரி வரும். நமக்கு அஞ்சே முக்கால் போதும். பிராக்டிஸ்ல பூஸ்ட் கம்மி, அதத் தாங்கோணும். ரேஸ்ல தாங்கக் கூடாது." என் பிள்ளை எவ்வளவு பலவீனம் என்று மில்லிமீட்டரில் எழுதிப் பார்த்த தகப்பன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அரத்தைக் கையில் கொடுத்தாள். ராவினேன். கோணலாகப் போனது, நிமிர்த்தினேன், மறுபக்கம் கோணலானது. கை வழுக்கி நடுவில் ஒரு ஆழமான கீறல் விழுந்தது, மன்னிப்புக் கேட்டேன், "இருக்கட்டும், இருக்கட்டும், அது நல்லது" என்றாள், அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதி நேரம் அவளால் பார்க்கவே முடியவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அளந்து பார்த்தாள். தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இத்தன கேவலமா ஒரு கீய நான் பாத்ததே இல்லீங்கண்ணா" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதைத் தன் கையாலேயே பொருத்தினாள்.

ரேஸ் அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். குறைமாதப் பிள்ளைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, சுகந்தியின் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள் பாப்பாவை. தாயின் உடம்புச் சூடுதான் மருந்து என்று சொல்லியிருந்தார்கள். எடை ஆயிரத்து எழுநூற்றுப் பத்து. கணக்கில் பத்து கிராம் குறைந்திருந்தது. சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

"அப்பளம் பாரம் தாங்காதுன்னு ஒடயல, சரி" என்றாள். "என்ற புள்ள எந்தப் பாரத்தத் தாங்குதுன்னு அது தேடி வருது?"

"ஒம்பது வருசத்தத் தாங்குதே சுகந்தி" என்றேன்.

அவள் பாப்பாவின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "நீங்க இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? போங்க. புள்ளைய நான் பாத்துக்கறேன், நீங்க செஞ்ச இரும்ப நீங்க போய்ப் பாருங்க. போனக் கட் பண்ணிராதீங்க."

ஊருக்கு வெளியே ரேஸ் மைதானம். எங்கள் சந்து மொத்தமும் அங்கேதான், கட்டுப்போட்ட கையோடு டீச்சர், டெய்லர், எல்லோரும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், யாரும் ஆரவாரம் செய்யவில்லை. நான் கார்களைத் தயார் செய்கிற இடத்தில் கோகிலவாணிக்குப் பக்கத்தில் நின்றேன், காதில் போன், போனில் சுகந்தியின் மூச்சு, அதற்குள்ளே கூர்ந்து கேட்டால் இன்னொரு சின்ன மூச்சு. கொடி இறங்கியது. ஹர்ஷா முதலாவதாகக் கிளம்பினான். முதல் கியர். இரண்டாம் கியர். வளைவு தாண்டி நேர் ரோட்டுக்கு வந்து மூன்றாம் கியர் போட்டு முழு மிதி மிதித்தான்.

போனில் சின்ன மூச்சு நின்றது.

"சுகந்தி" என்றேன். பதில் இல்லை. "சுகந்தி!" கார் கத்திக்கொண்டே போனது, இன்னும் போனது, எந்தச் சத்தமும் வரவில்லை, கோகிலவாணி என் முழங்கையைப் பிடித்தாள், அந்த இறுக்கம் இரண்டு நாள் வலித்தது. அப்போது புளியம்பழ ஓட்டை உடைக்கிற மாதிரி ஒரு டக். எஞ்சின் இழுக்கப் பாரமில்லாமல் வெறுமனே அலறியது. எல்லாக் கார்களும் எங்கள் காரைத் தாண்டிப் போயின.

"தும்முச்சுங்க" என்றாள் சுகந்தி போனில். "பாப்பா தும்முச்சு. மூக்கச் சுளிச்சுட்டே இருந்துது, என்னமோன்னு பாத்தேன். தும்மிட்டு இப்பப் பால் குடிக்குது."

கார் இழுவையில்லாமல் மெல்ல உருண்டு வந்து எங்கள் முன்னால் நின்றது. அடியிலிருந்து பாதிக் கீ தரையில் விழுந்தது. ஹர்ஷா எஞ்சினை அணைக்காமல் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். டர்போ சூடாக இருக்கும்போது சட்டென்று அணைக்கக் கூடாது, உள்ளே எண்ணெய் கருகிப் பேரிங் போய்விடும், இரண்டு நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். அவனுக்கு அந்தக் கோபத்திலும் அது மறக்கவில்லை. மற்ற டீம் மெக்கானிக்குகளும் கூடிவிட்டார்கள். ஒருத்தன் அந்தத் துண்டைப் பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கோகிலவாணியக்கா வேலையா இது? சின்னப் புள்ள ராவின மாதிரி இருக்குது."

"அக்கா, இத நீங்களா செஞ்சீங்க?" என்றான் ஹர்ஷா.

அவள் நிமிர்ந்து நின்றாள். "ஆமா. நான்தான் செஞ்சேன்" என்றாள், இருபத்திரண்டு வருடத்துப் பெயரை அந்த மூன்று வார்த்தையில் கீழே போட்டாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "பொய்யி! அது நான் செஞ்சதுங்க" என்று கத்தினேன். "நான் செஞ்சது, என்ற கையால ராவினது!"

"நீங்க யாருங்க?" என்றான் அந்த மெக்கானிக்.

"மாவு மில்லு."

சிரிப்பு இன்னும் பெரிதானது. அப்போது சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். துண்டை வாங்கினான். பத்தொன்பது வருடம் அவளோடு குடித்தனம் பண்ணியவன், அவள் அரம் போகிற வழி அவனுக்குத் தெரியும். கீறலை நகத்தால் தடவினான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் காதில் இருந்த போனைப் பார்த்தான். அவன் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"கீ மேல தப்பில்ல" என்றான் ஹர்ஷாவிடம். "நான்தான் பூஸ்ட் ஜாஸ்தி வெச்சுட்டேன். எஞ்சின் மேலதான் தப்பு."

"இல்லீங்க, கியர்பாக்ஸ் மேலதான் தப்பு" என்றாள் கோகிலவாணி.

"எஞ்சின்னு சொல்றனில்ல?"

"குடுக்கறத வாங்கத் தெரியோணுமல்ல? என்ற தப்புதான்."

"வாய மூடு வாணி, தப்பு என்னுது!"

"என்னுதுங்க, என்னுது!" என்று நானும் கத்தினேன். உடைந்த சாமானுக்குப் பழியை ஒருத்தர் மேல் ஒருத்தர் போடுவதைத்தான் அந்த மெக்கானிக்குகள் காலமெல்லாம் பார்த்திருக்கிறார்கள்; மூன்று பேர் எனக்கு எனக்கு என்று அடித்துக்கொள்வதைப் பார்த்ததில்லை, சிரிப்பை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஹர்ஷா ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தபடியே, "பாப்பா எப்பிடி இருக்குதுங்கண்ணா?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் போனில் சுகந்தி கடுகடுத்தாள். "யாருங்க அங்க இத்தன சத்தம்? இப்பத்தான் கண்ணசந்துது. மெல்லப் பேசச் சொல்லுங்க."

"மெல்லப் பேசுங்க" என்றேன். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. "பாப்பா தூங்குது."

எல்லோரும் வாயை மூடினார்கள். கார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் ஒரு நொடிதான் யோசித்தான். பிறகு குனிந்து, கையை உள்ளே விட்டு, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தான்.